140 கையெழுத்து போதுமா? பின்வேலிக்கு அப்பால் வரப்போகும் ஆர்.வி. பார்க் பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஒரேகான் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் வீடு வாங்கி ஆறு வருடமாக இருக்கிறீர்கள். பின்வேலிக்கு அப்பால் பழைய மர ஆலை இருந்த 9 ஏக்கர் சும்மா கிடந்தது. அதில் 80 வண்டிகள் நிற்கும் ஆர்.வி. பார்க் போட ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று நகராட்சியிலிருந்து தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து 140 கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "இதை பிளானிங் கமிஷனில் கொடுத்தால் நின்றுவிடுமா, இல்லை வக்கீல் வைக்க வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். (பிளானிங் கமிஷன் என்பது இந்த மாதிரி நில விண்ணப்பங்களை விசாரித்து முடிவு சொல்லும் நகரக் குழு.) கேள்வி கையெழுத்தைப் பற்றி இருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஊரே வேண்டாம் என்றால், 'வேண்டாம்' என்று சொல்லிவிடும் அதிகாரம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்டா? அதுதானே?

கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் கையெழுத்து தேவையில்லை. நான் ஒரேகானில் இரண்டு சிறு நகரங்களின் பிளானிங் துறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு ஸ்டாஃப் ரிப்போர்ட், அதாவது கமிஷன் படிப்பதற்கான ஆய்வு அறிக்கை, எழுதுவதுதான் தொழில். அதனால் என் பார்வை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து வருவது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். நான் வக்கீல் இல்லை. உங்கள் ஃபைலையும் பார்க்கவில்லை.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. ஆர்.வி. என்பது சமையல் மேடை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்த வண்டி. சிலது பஸ் மாதிரி தானே ஓடும், சிலதை பிக்கப் லாரியில் மாட்டி இழுக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டு விதிகளில் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு: ஒரே சேஸிஸில் கட்டியதாக, 400 சதுர அடிக்கு மேற்படாததாக, நிரந்தரக் குடியிருப்புக்கென்று வடிவமைக்கப்படாததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகள் வாடகைக்கு நின்று, தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் மாட்டிக்கொள்ளும் இடம்தான் ஆர்.வி. பார்க்.

சரி, ஏன் அதிகாரம் இல்லை? நம் ஊரில் ஒரு பிரச்சினை என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு மனு நாள் அன்று போவோம். எத்தனை பேர் போனோம் என்பதற்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தால் ஏமாற்றம்தான். ஒரேகானில் ஒரு குறிப்பிட்ட மனையின் மேல் வரும் விண்ணப்பத்தை விசாரிக்கும்போது பிளானிங் கமிஷன் கிட்டத்தட்ட கோர்ட் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1973-இல் ஒரேகான் உச்ச நீதிமன்றம் ஃபசானோ வழக்கில் கொடுத்த தீர்ப்புதான் இதற்கு அடிப்படை. அது எதைப் பற்றிய வழக்கு தெரியுமா? போர்ட்லேண்டுக்குப் பக்கத்தில், வாஷிங்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஒரு மொபைல் ஹோம் பார்க்குக்காக (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடுகள் நிற்கும் இடம்) நிலத்தின் வகைப்பாட்டை கவுண்டி மாற்றிக்கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு மனைக்கு மட்டும் முடிவெடுப்பது சட்டம் இயற்றுவது போன்ற வேலை இல்லை, தீர்ப்புச் சொல்லும் வேலை. ஆகவே இரு தரப்பையும் கேட்டு, ஆதாரத்தைப் பார்த்து, காரணத்தை எழுதி முடிவெடுக்க வேண்டும் என்றது கோர்ட். அதாவது, உங்களைப் போன்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கிய தீர்ப்புதான் இன்று உங்கள் 140 கையெழுத்தின் எடையைக் குறைக்கிறது. கவுண்டி தனக்குப் பிடித்தபடி முடிவெடுக்க முடியாது என்றால், கூட்டத்துக்குப் பிடித்தபடியும் எடுக்க முடியாது அல்லவா? அதே வருடம்தான் மாநில அளவிலான நிலப் பயன்பாட்டுச் சட்டமும் வந்தது. அப்போது கவர்னராக இருந்தவர் டாம் மெக்கால்.

உங்கள் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். அதில் 'கண்டிஷனல் யூஸ்' என்று போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு ஜோனுக்கும், அதாவது நில வகைப்பாட்டுக்கும், நகரச் சட்டத்தில் பட்டியல் இருக்கும்: சில பயன்பாடுகளைக் கேட்காமலே செய்யலாம், சிலதைச் செய்யவே கூடாது, நடுவில் சிலதை நிபந்தனையோடு செய்யலாம். உங்கள் பின்வேலி நிலத்தில் ஆர்.வி. பார்க் மூன்றாவது வகை. அப்படியென்றால் "இந்த ஜோனில் ஆர்.வி. பார்க் இருக்கலாமா?" என்ற கேள்விக்கு நகர மன்றம் எப்போதோ 'இருக்கலாம்' என்று பதில் சொல்லிவிட்டது. இப்போது மிச்சமிருக்கும் கேள்வி, இந்த இடத்தில், இந்த வரைபடத்தின்படி, சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுகோல்களை இது பூர்த்தி செய்கிறதா என்பது மட்டும்தான். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சட்டத்தையே மாற்றச் சொல்லலாமே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லலாம், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும். இந்த விண்ணப்பத்துக்கு, அது கொடுக்கப்பட்ட நாளில் என்ன விதி இருந்ததோ அதுதான் செல்லும். நடுவில் கோல்போஸ்ட்டை நகர்த்த முடியாது. இங்கே அந்த விதியைப் பேச்சுவழக்கில் கோல்போஸ்ட் விதி என்றே சொல்வார்கள்.

அளவுகோல்கள் என்னென்ன என்று நோட்டீஸிலேயே பட்டியல் இருக்க வேண்டும், அது சட்டம். வெறும் பிரிவு எண்களாக இருக்கும், பார்த்தால் தூக்கம் வரும். நகரத்தின் இணையதளத்தில் அந்த எண்களைத் தேடி, முழு வாசகத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு நகரங்களில் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: மனையின் அளவும் வடிவமும் இந்தப் பயன்பாட்டுக்குப் பொருந்த வேண்டும், தண்ணீர், கழிவுநீர், சாலை, தீயணைப்பு வசதிகள் போதுமானதாக இருக்க வேண்டும், சுற்றியுள்ள இடங்களைச் சட்டப்படி பயன்படுத்துவதற்குப் பெரிய இடைஞ்சல் வரக்கூடாது. மூன்றாவதில் கொஞ்சம் இழுபறிக்கு இடம் உண்டு. முதல் இரண்டிலும் கணக்குத்தான் பேசும். இவற்றைப் பூர்த்தி செய்கிறேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எதையும் பொய் என்று நிரூபிக்க வேண்டாம். "இந்த அளவுகோலுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டாலே போதும், ஆனால் எந்த அளவுகோல் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

எனக்கு மறக்காத ஒரு விசாரணை. நகரத்தின் பெயர் வேண்டாம். மாலை 7 மணி, நூலகக் கட்டடத்தின் பின்னறை, மடக்கு நாற்காலிகள். கமிஷனில் இருந்தவர்கள் சம்பளமில்லாத சாதாரண ஆட்கள்: மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், ஆரம்பம் முதல் கடைசி வரை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்ட ஒரு பாட்டி. முப்பது பேருக்கு மேல் பேசினார்கள், ஆளுக்கு 3 நிமிடம். இருபத்தைந்து பேராவது "இது எங்கள் ஊரின் அழகைக் கெடுத்துவிடும்", "யார் யாரோ வருவார்கள்", "எங்கள் வீட்டு விலை விழுந்துவிடும்" என்றார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. நான் என் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை. கடைசியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். அவர் எதிர்ப்பு, ஆதரவு எதுவும் சொல்லவில்லை. நான்கு போட்டோக்களை மேஜையில் பரப்பினார். தன் நண்பரின் 40 அடி டிரெய்லரை லாரியில் மாட்டி, பார்க்குக்குத் திரும்பும் அந்த முனையில் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார். முதல் படத்தில் வண்டி எதிர்த் தடத்துக்குள் முழுசாகப் போயிருந்தது. மூன்றாவதில் பின்சக்கரம் நடைபாதை ஓரக்கல்லின் மேல் ஏறி நின்றது. அந்த ஓரக்கல்லுக்கு அரை அடி தள்ளி பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் காத்து நிற்கும் இடத்தின் பலகை. பாட்டி பின்னுவதை நிறுத்திவிட்டுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். விண்ணப்பித்தவரின் என்ஜினீயர் எழுந்து, "எங்கள் வரைபடத்தில் கார் திரும்பும் ஆரம்தான் போட்டிருக்கிறோம்" என்று ஒத்துக்கொண்டார். முனையை அகலப்படுத்தி, பேருந்து நிறுத்தத்தை நகர்த்தி, அதன் பிறகுதான் முதல் வண்டி உள்ளே வரலாம் என்று நிபந்தனை வந்தது. முப்பது பேரின் மாலை முழுவதும் செய்யாததை அந்த நான்கு படம் செய்தது.

போக்குவரத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் மனுவின் முதல் வரி அதுதான். "80 வண்டி வந்தால் தெரு தாங்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் தோற்கக்கூடும். போக்குவரத்து என்ஜினீயர்கள் எல்லாரும் புரட்டும் ஐ.டி.இ. (போக்குவரத்துப் பொறியாளர் கழகம்) கையேட்டில் கேம்ப்கிரவுண்டும் ஆர்.வி. பார்க்கும் சேர்ந்து ஒரே வகை, 416-ஆம் எண். அந்தக் கணக்குப்படி 80 இடமும் நிரம்பினால்கூட மாலை நெரிசல் மணிநேரத்தில் இருபதைச் சற்றுத் தாண்டிய பயணங்கள்தான் வரும். அதே 9 ஏக்கரில் நாற்பது தனி வீடுகள் கட்டினால், வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் நாற்பது வரும். விண்ணப்பித்தவர் இந்த ஒப்பீட்டை ஸ்லைடு போட்டுக் காட்டுவார், நிச்சயம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அந்த வகைக்குப் பின்னால் உள்ள ஆய்வுகள் மிகக் குறைவு, பொழுதுபோக்குக்கு வந்து தங்குபவர்களை வைத்து எடுத்தவை. சுற்றுலா வந்தவர் காலையில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வேலைக்குப் போகிறவர் 7 மணிக்குக் கிளம்பிவிடுவார். மாதக்கணக்கில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பார்க்குக்கு அந்த எண் பொருந்துமா என்பது நியாயமான சந்தேகம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், பொருந்தாது என்று அடித்துச் சொல்ல என்னிடமும் எண் இல்லை. அதனால் வண்டிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு நீளத்தைப் பிடியுங்கள். லாரியும் டிரெய்லரும் சேர்ந்து 50 அடியைத் தாண்டுவது சாதாரணம். வாசலில் ஒன்று பதிவுக்காக நின்றால், பின்னால் வரும் இன்னொன்று எங்கே நிற்கும்? சாலையிலா? நுழைவு மாநில நெடுஞ்சாலையில் இருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தனியாக வேண்டும், அது கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்து கழிவுநீர். இதில்தான் சிறு நகரங்கள் உண்மையிலேயே மாட்டிக்கொள்கின்றன, ஆனால் விசாரணையில் யாரும் பேசுவதில்லை, பேச அருவருப்பு. வண்டிகளின் தொட்டியில் தேங்கும் கழிவு, வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, ஏனென்றால் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் ஊற்றுவார்கள். நாற்றத்துக்காகச் சிலர் போடும் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையே கொன்றுவிடும். ஒவ்வொரு இடத்திலும் குழாய் மாட்டி, குளியல் தண்ணீரும் சேர்ந்து ஓடினால் இது பெரிதாகத் தெரியாது. வழியில் போகிற வண்டிகளும் வந்து காலி செய்துவிட்டுப் போகலாம் என்று பொது டம்ப் ஸ்டேஷன் வைத்தால் கதை வேறு. ஒரு நீண்ட விடுமுறையின் கடைசி நாள் மத்தியானம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காலி செய்வார்கள். உங்கள் தெருவின் பம்ப் நிலையம் அதைத் தாங்குமா என்று நகரப் பொதுப்பணித் துறை எழுத்தில் சொல்லியிருக்கிறதா பாருங்கள். "போதிய கொள்ளளவு உள்ளது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், எந்தக் கணக்கின் அடிப்படையில் என்று கேளுங்கள். ஓர் ஆர்.வி. இடத்தை அரை வீடாகக் கணக்கிடுவதா, முக்கால் வீடாகவா என்பது நகரத்துக்கு நகரம் மாறும். அதை வைத்துத்தான் விண்ணப்பித்தவர் கட்ட வேண்டிய இணைப்புக் கட்டணமும் வரும்.

தீயணைப்பு விதிகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. உள்சாலை 20 அடி அகலம் வேண்டும், 150 அடிக்கு மேல் முட்டுச் சந்தாகப் போனால் தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் பின்பற்றும் மாதிரி விதி இது. அதைத் தீயணைப்பு அதிகாரி பார்த்துக்கொள்வார், அவர்கள் வளைந்து கொடுப்பதை நான் பார்த்ததில்லை. மர ஆலை இருந்த நிலம் என்கிறீர்கள், அது இதைவிட முக்கியம். பழைய ஆலை நிலங்களில் எண்ணெய், மரத்துக்கு அடித்த இரசாயனம் எல்லாம் மண்ணில் கிடக்க வாய்ப்பு உண்டு. மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் அந்த மனைக்குத் துப்புரவு ஃபைல் இருக்கிறதா என்று இணையத்தில் முகவரி போட்டே தேடலாம். பக்கத்தில் ஓடை இருந்தால் வெள்ள வரைபடத்தையும் பாருங்கள். வெள்ளப் பகுதிக்குள் ஆர்.வி. நிறுத்த வேண்டுமானால் மத்திய விதி தெளிவாக இருக்கிறது: ஒன்று, தொடர்ந்து 180 நாளுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அல்லது எந்த நேரமும் சாலையில் ஓடத் தயாராக, உரிமத்தோடு, சக்கரத்தின் மேலேயே நிற்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வீட்டைப் போல உயர்த்திக் கட்டிப்போட வேண்டும். வண்டியோடு ஒட்டி மரத்தில் திண்ணை கட்டிவிட்டால் அது 'ஓடத் தயார்' ஆகாது.

இனி நீங்கள் நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க வந்துவிட்டால்?" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் நானும் இதற்கு எளிய பதில் இருப்பதாக நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இதே மாதிரி ஒரு பார்க்குக்கு நிபந்தனைகள் எழுதினேன். பக்கத்துக்காரர்கள் கேட்டார்கள், நியாயமாகவும் பட்டது, "எந்த வண்டியும் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது" என்று ஒன்பதாவது நிபந்தனையாகப் போட்டேன். கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். விண்ணப்பித்தவரின் வக்கீல் எழுந்து, கோபப்படாமல், மாநிலச் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் படித்தார். அதன் சாரம் இது: சட்டப்படி அமைந்த ஆர்.வி. பார்க்கில், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் முறையாக இணைத்த வண்டியில் ஒருவர் குடியிருந்தால், அது ஆர்.வி. என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தடுக்கவோ, இத்தனை நாள்தான் என்று வரம்பு போடவோ நகரத்துக்கு உரிமை கிடையாது. சட்டத் தொகுப்பில் 197.493 என்ற பிரிவு. நான் அதைப் படித்ததே இல்லை. அந்த நிபந்தனையை அங்கேயே அடித்தோம். என் மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. ஆகவே ஒரேகானில் இது உறுதி: தங்கும் நாளுக்கு நகரம் வரம்பு போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பார்க் நடத்துபவர் தன் சொந்த விதியாக வைத்துக்கொண்டால் அது வேறு. அவராகவே முன்வந்து ஒப்புக்கொண்ட வரம்பை நகரம் பின்னாளில் அமல்படுத்த முடியுமா என்பதில் வக்கீல்களே இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வேறு மாநிலங்களில் 30 நாள், 180 நாள் வரம்புகள் சகஜம், அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இப்படி ஒரு சட்டம் ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2020 செப்டம்பர் 8 அன்று தெற்கு ஒரேகானில் அல்மீடா தீ ஆஷ்லாந்திலிருந்து கிளம்பி டேலன்ட், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு சிறு ஊர்களைத் தின்றது. ஒரே நாளில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, அதில் பெரும்பங்கு மொபைல் ஹோம் பார்க்குகளில் இருந்த ஏழை எளியவர்களின் வீடுகள். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு ஆர்.வி.தான் வீடு. சட்டம் தீக்கு முந்தியது, ஆனால் அதன் அருமை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. நான் பார்த்த பார்க்குகளில் மாதக்கணக்கில் தங்கியவர்கள் யார் என்றால், மூன்று மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் நர்ஸுகள், பாலம் கட்ட வந்த வெல்டர்கள், வீட்டை விற்றுவிட்டு வண்டியோடு கிளம்பிய ஓய்வு பெற்ற தம்பதிகள், வாடகை கட்ட முடியாமல் வந்தவர்கள். நீங்களும் நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நம்மைப் பற்றித் தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால், "யார் யாரோ வருவார்கள்" என்ற வரியை மனுவிலிருந்து நீங்களே எடுத்துவிடுவீர்கள். உபதேசமாக எடுத்துக்கொண்டாலும் சரி, உத்தியாக எடுத்துக்கொண்டாலும் சரி. அந்த வரி ரெக்கார்டில், அதாவது விசாரணையின் அதிகாரப்பூர்வக் கோப்பில், இருந்தால் பின்னால் அப்பீலில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி.

வீட்டு விலை விழுமா? பெரும்பாலான நகரங்களின் அளவுகோல்களில் சொத்து மதிப்பு என்ற சொல்லே கிடையாது. உங்கள் நகரச் சட்டத்தில் இருந்தால் பேசுங்கள், இல்லையென்றால் உங்களுக்குக் கிடைக்கும் 3 நிமிடத்தில் அதற்கு 10 விநாடிகூடச் செலவு செய்யாதீர்கள். விலை உண்மையில் விழுமா என்பது பார்க் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மரங்களும் புல்லும் நன்றாக வைத்திருந்த பார்க்கை ஒட்டி வீடு நல்ல விலைக்குப் போனதையும், கவனிப்பாரற்ற பார்க்கின் பக்கத்தில் வீடு விற்க முடியாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் கணிப்பு, கணிப்புத்தான்: இது நிற்காது, நிபந்தனைகளோடு வரும். உங்கள் கையில் இருப்பது அந்த நிபந்தனைகள். பின்வேலியை ஒட்டி எத்தனை அடி இடைவெளி, அதில் எந்த மரம், எத்தனை அடி உயரத்தில் நடப்படும், காய்ந்துபோனால் யார் மாற்றி நடுவது, விளக்குகள் கீழ்நோக்கி மறைப்போடு இருக்குமா, இரவு 10 முதல் காலை 7 வரை ஜெனரேட்டர் ஓடாதா, டம்ப் ஸ்டேஷன் உங்கள் பக்கத்து மூலையில் இருப்பதைச் சாலைப் பக்கம் நகர்த்த முடியுமா, 24 மணி நேரமும் ஆள் இருக்கும் அலுவலகம் உண்டா. இதையெல்லாம் வாசகமாகவே எழுதிக் கொடுங்கள். "சத்தம் வரக் கூடாது" என்று எழுதினால் அதை அப்படியே நிபந்தனையாக்க முடியாது. நீங்கள் நன்றாக எழுதிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே ஒட்டிவிட எந்த ஸ்டாஃபும் தயங்க மாட்டார், நானே செய்திருக்கிறேன். கேட்பதிலும் ஓர் அளவு வேண்டும். 1994-இல் டோலன் வழக்கில், இதே ஒரேகானில் டைகார்டு நகரம், ஒரு பிளம்பிங் சாமான் கடையைப் பெரிதாக்க அனுமதி கொடுப்பதற்காக ஓடையோர நிலத்தையும் சைக்கிள் பாதைக்கு இடத்தையும் கேட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேட்பது அந்தக் கட்டடம் உண்டாக்கும் பாதிப்புக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்று சொல்லி நகரத்தைத் திருப்பி அனுப்பியது. தெருமுனையை அகலப்படுத்தச் சொல்லலாம், ஊருக்கு ஒரு பூங்கா கட்டித் தரச் சொல்ல முடியாது.

நாள் கணக்கு. விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்பீல் உட்பட 120 நாளுக்குள் நகரம் இறுதி முடிவு சொல்லியாக வேண்டும், அதனால் "தள்ளிப் போடுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் முதல் விசாரணை முடிவதற்குள், "மேலும் ஆதாரம் தர வேண்டும், ரெக்கார்டைத் திறந்து வையுங்கள்" என்று யார் கேட்டாலும் குறைந்தது 7 நாள் கொடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். ஸ்டாஃப் ரிப்போர்ட் விசாரணைக்கு 7 நாள் முன்பே கிடைக்கும், பிளானரைக் கூப்பிட்டுக் கேட்டால் அனுப்புவார். அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கமிஷன் உறுப்பினர்களை மட்டும் தனியாகக் கூப்பிடாதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும், கடையில் பார்த்தாலும். விசாரணைக்கு வெளியே நடந்த பேச்சை அவர் எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும், உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.

வக்கீல் வேண்டுமா? முதல் விசாரணைக்கு அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். நிலப் பயன்பாட்டு வழக்கு மட்டும் பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து, அளவுகோல்களில் எது பலவீனம் என்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும். அப்பீல் என்று வந்தால் கண்டிப்பாக வேண்டும். நகரத்தின் இறுதி முடிவுக்குப் பிறகு லூபா என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 21 நாள்தான் அவகாசம். அங்கே புது ஆதாரம் எதுவும் எடுபடாது, நகரத்தின் ரெக்கார்டில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். உள்ளூர் விசாரணையில் எழுப்பாத விஷயத்தை அங்கே எழுப்பவும் முடியாது. ஆகவே கழிவுநீர், தெருமுனை, மண் என்று எதில் சந்தேகம் இருந்தாலும், எந்தப் பிரிவு எண் என்று போட்டு, எழுத்தில், இப்போதே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. 140 பேர் கையெழுத்துப் போட்ட மனுவை ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த 140 பேரும் விசாரணையில் கலந்துகொண்டவர்கள் என்று ஆகுமா என்பதில் தகராறு வரலாம். நகரங்கள் நோட்டீஸ் அனுப்புவதே மனையிலிருந்து 100 அடிக்குள் இருப்பவர்களுக்குத்தான், அதற்கு மேல் அனுப்பினால் அது அந்த நகரத்தின் பெருந்தன்மை. அதனால் அப்பீல் போகும் எண்ணம் யாருக்காவது துளி இருந்தாலும், அவரவர் பெயரில் நாலு வரி கடிதம் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அறை வாசலில் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள், அதில் பெயரையும் தபால் முகவரியையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் நகரம் அந்த முகவரிக்குத்தான் தபால் அனுப்பும்.